எச்.ஐ.வி.யோடு வரும் தீராத வலி: முதலில் யாரிடம் போவது?

வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டது. சிடி4 எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருத்துவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் நன்றாக இருக்கிறது, மாத்திரையை விடாமல் போடுங்கள்" என்கிறார். ஆனால் பாதம் எரிகிறது. இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தலைவலி வாரத்தில் நான்கு நாள் வந்துபோகிறது. ஆறு மாதமாக, சிலருக்கு ஆறு வருடமாக இதே கதை.

அறிக்கை சொல்வதும் உண்மை, உடம்பு சொல்வதும் உண்மை. சிடி4 என்பது நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் சோதனை. வலியை எண்ணும் வேலை அதற்கு இல்லை. எச்.ஐ.வி. உள்ளோரில் 39 முதல் 85 சதவீதம் பேர் வரை நாள்பட்ட வலியோடு இருக்கிறார்கள் என்று, அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் எச்.ஐ.வி. பிரிவு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. எங்கே, யாரிடம், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் இரண்டு பேர். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது போய்ப் போய்த் திரும்பி வரும் வலி, நாள்பட்ட வலி எனப்படும்.

இதற்கு ஐந்து வழிகள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: மருந்து, மனநல ஆலோசனை, உடற்பயிற்சியும் பிசியோதெரபியும், எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு, நம்பகமான ஒருவரிடம் உண்மையைச் சொல்வது. ஐந்தையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள் என்று புத்தகம் சொல்லும். புத்தகத்துக்குக் கூலி வெட்டு இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் 2005இல் இறந்தார். அப்போதுதான் தனக்கும் தொற்று இருப்பது தெரிந்தது. மகனுக்கு விஷயம் தெரியும், மருமகளுக்குத் தெரியாது. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மாத்திரை வாங்கப் போகும் நாள் போக, மாதத்தில் ஒரு நாள் விடுப்பு எடுக்கலாம். அந்த ஒரு நாளை அவர் எங்கே செலவிடுவது? இந்தக் கட்டுரைக்கு அதுதான் கேள்வி.

பலன் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்ப்பது வழக்கம். அதையும் பார்ப்போம். ஆனால் நான் முதலில் வைக்கும் அளவுகோல் வேறு: அந்த இடத்தில் எதை மறைக்க வேண்டியிருக்கிறது? எலும்பு மருத்துவரிடம் போகிறவர் எச்.ஐ.வி.யை மறைக்கிறார். ஏ.ஆர்.டி. மையத்தில் வலியை மறைக்கிறார். சொன்னால் மருந்தை மாற்றிவிடுவார்களோ, மாத்திரையைச் சரியாகப் போடவில்லை என்று திட்டுவார்களோ என்ற பயம். வீட்டில் இரண்டையும் மறைக்கிறார். வேலையிடத்தில் வலிக்கு "கீழே விழுந்துவிட்டேன்" என்று ஒரு பொய்க் காரணம். ஒரே வலிக்கு நான்கு இடத்தில் நான்கு கதை சொல்லி, எந்தக் கதையை யாரிடம் சொன்னோம் என்று நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு தனி வேலை.

அந்த வேலை உடம்பிலும் தெரிகிறது. வலி எப்போதும் தனிப்பட்ட ஓர் அனுபவம், உடல், மனம், சமூகம் மூன்றும் அதைப் பல அளவில் பாதிக்கின்றன என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் தன் விளக்கத்திலேயே எழுதிவிட்டது. எச்.ஐ.வி.யில் இந்த மூன்றும் பின்னிக்கிடக்கும் விதம் தனி. 'எனக்கு வந்தது அசிங்கமான நோய், இது எனக்குத் தண்டனை' என்று உள்ளுக்குள் நம்புகிறவர்களுக்கு மனச்சோர்வு கூடுகிறது, மனச்சோர்வோடு வலியும் கூடுகிறது, எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் இந்தச் சங்கிலியைக் காட்டியிருக்கின்றன. இரவில் தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கடுமையாகத் தெரியும். இன்னொன்று பயம். சாதாரண முதுகுப்பிடிப்பு மற்றவருக்கு முதுகுப்பிடிப்பு மட்டும்தான். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது 'நோய் முற்றுகிறதோ, அவர் போன மாதிரி நானும் போகப்போகிறேனோ' என்ற கேள்வி. கணவர் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களைப் பார்த்த கண்கள் அவை. அந்தப் பயத்தில் நடையைக் குறைக்கிறார், குனிவதைக் குறைக்கிறார், படுத்துக்கொள்கிறார். தசை தளர்ந்து வலி மேலும் ஏறுகிறது.

மனமும் சமூகமும் வலியைக் கூட்டுகின்றன என்று சொன்னதும் சிலர், "அப்படியானால் வலி பொய்யா?" என்று கேட்பார்கள். சில மருத்துவர்களும் அந்தத் தொனியில் பேசிவிடுவது உண்டு. அது தவறு என்பதற்கு நம் ஊர் வரலாறே சாட்சி. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் அதில் ஒரு மையம். ஆரம்ப ஆண்டுகளில் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. பலருடைய கால் நரம்புகளைக் கெடுத்த மருந்தும் அதுதான். 2009இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது. அதைச் சில ஆண்டுகள் விழுங்கியவர்களில் பலருக்குப் பாத எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை. வைரஸே நரம்பைப் பாதிப்பதும் உண்டு. இந்த எரிச்சலைக் கற்பனை என்பது அறியாமை.

ஆகவே ஐந்து வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால், ஒப்பீட்டுக்கு அப்பாற்பட்ட ஒன்று இருக்கிறது. வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று ஒருமுறை ஏ.ஆர்.டி. மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்ப்பார்கள். கவட்டில் வலித்து நடை சாய்ந்தால் இடுப்பு எலும்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், எச்.ஐ.வி. உள்ளோரில் இது மற்றவர்களைவிட அதிகம். காய்ச்சலோடு புதிதாகக் கடும் தலைவலி வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. அக்கி வந்து ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் எரிவது தனி வகை நரம்பு வலி. வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை நோய், மது, காசநோய்த் தடுப்புக்குத் தரும் ஐசோனியாசிட் ஆகியவையும் கால் நரம்பைக் கெடுக்கும். ஐசோனியாசிட்டோடு பி6 மாத்திரை தருவது அதனால்தான். எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கிறதா என்றும் ரத்தச் சோதனையில் தெரியும். இதற்குத் தனி விடுப்பு வேண்டாம். மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே கேட்கலாம்.

மருந்து: கைக்கு எளிது, கணக்குக்குக் கடினம்

வலி என்றதும் நம் கால்கள் போவது மருந்துக் கடைக்கு. செட் மாத்திரை ஒன்று, அல்லது தெருமுனை கிளினிக்கில் ஒரு வலி ஊசி. மாலை வேலை முடிந்ததும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். விடுப்பு தேவையில்லை, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மறைப்பதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. எனக்குப் பயம் தருவதும் அந்த வசதிதான். இன்று பெரும்பாலானோர் எடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை. அதோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் ஆபத்து கூடுகிறது. வயிறு எரிகிறது என்று கூடவே விழுங்கும் அமில முறிவு மருந்து டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி வேண்டும். முதல் மருந்து பலிக்காதபோது தரும் இரண்டாம் கட்ட மருந்தில் ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு முழங்கால் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால், அந்த ஸ்டீராய்டு உடம்பிலேயே தங்கி, முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, பெரிய சிக்கலாகிவிடலாம். நரம்பு வலிக்குச் சிலர் தரும் கார்பமசெபின் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். ஊசி போடும் மருத்துவருக்கு எச்.ஐ.வி. மருந்தைப் பற்றித் தெரியாவிட்டால் இவற்றில் எதையும் அவர் தவிர்க்க முடியாது.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? அதுவும் இல்லை. இங்கே ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் விசித்திரமானது. எச்.ஐ.வி. நரம்பு வலிக்கு உலகம் முழுவதும் எழுதித் தரப்படும் அமிட்ரிப்டிலின், 1998இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளிலும், 2015இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றிலும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலானதாக நிற்கவில்லை. பிரீகாபலின் என்ற இன்னொரு நரம்பு வலி மருந்தும் 2010இல் அப்படியே. அதே ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு 'வலி மனப்பிரமை' என்று முடிவுகட்டுகிறவர் பாதியைத்தான் படித்திருக்கிறார். ஆய்வில் சேர்ந்தவருக்கு என்ன நடக்கிறது? குறித்த நாளில் ஒருவர் வரச்சொல்கிறார், வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார், பதிலை எழுதிக்கொள்கிறார், அடுத்த முறையும் கேட்கிறார். கேட்பவருக்கு எச்.ஐ.வி. பற்றி ஏற்கெனவே தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. வெற்று மாத்திரைக்குள் இருந்த மருந்தில் ஒரு பங்கு இதுதான் என்பது என் வாசிப்பு.

நடைமுறையில், இரவு தூக்கமே இல்லாமல் எரிகிறவருக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தூக்கத்தையாவது தரும், விலையும் குறைவு. 2017 வழிகாட்டுதல் நரம்பு வலிக்கு முதலில் கேபபென்டினைச் சொல்கிறது. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் டூலாக்செடின் இரண்டுக்கும் உதவலாம். அபின் வகை மருந்துகளை முதல் வரிசையில் வைக்கவே கூடாது என்பதில் அந்த வழிகாட்டுதல் உறுதியாக இருக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த டிரமடால் நம் நாட்டில் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. மருந்து வேண்டும் என்றால் அதை எழுத வேண்டியவர் உங்கள் ஏ.ஆர்.டி. மருத்துவர், அல்லது உங்கள் மருந்துப் பட்டியலை முழுதாகப் பார்த்த இன்னொரு மருத்துவர். சித்த மருந்து எடுப்பவர்களும் அதைச் சொல்லிவிட வேண்டும். தாம்பரத்திலேயே ஒரு காலத்தில் ரசகந்தி மெழுகும் அமுக்கரா சூரணமும் நெல்லிக்காய் லேகியமும் எச்.ஐ.வி.க்குத் தரப்பட்டன; ரசகந்தி மெழுகில் பாதரசம் உண்டு, பாதரசம் நரம்புக்கு நண்பன் அல்ல.

மனநல ஆலோசனை: பலன் சிறிது, தேவைப்படுபவருக்குப் பெரிது

எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் உளவியல் சிகிச்சைக்கு வலி விஷயத்தில் நல்ல பெயர் உண்டு. 2017 வழிகாட்டுதல் இதை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி.க்கு மட்டுமன்றிப் பல வகை நாள்பட்ட வலிகளுக்கு நடந்த 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் என்ற மருத்துவ மதிப்பாய்வு அமைப்பின் ஆய்வு 2020இல் வந்தது. வலியிலும் மன உளைச்சலிலும் கிடைத்த முன்னேற்றம் சிறியதுதான் என்றது. சிறியது என்றால் வீண் என்று அர்த்தமில்லை. வலி பத்துக்கு ஏழிலிருந்து ஆறாக இறங்கினாலும், வலித்துக்கொண்டே சமைக்கவும் தூங்கவும் முடிந்தால் அது வாழ்க்கை மாறியது போலத்தான்.

இங்கே கிடைப்பது வேறு கதை. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்திலும் ஏ.ஆர்.டி. மையத்திலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு பெரும்பாலும் மாத்திரையை விடாமல் போடுவதைச் சுற்றியே நிற்கும். கூட்டம் அப்படி. மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்து கிடைக்கும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் சிகிச்சை எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நம் பனியன் கம்பெனி அம்மாவுக்கு மாதம் ஒரு நாள்தான் விடுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். மனநலப் பிரிவின் வாசலில் நிற்பதில் இன்னொரு மறைப்பும் சேர்கிறது: ஏற்கெனவே ஒன்றை மறைப்பவர் இப்போது இரண்டாவதையும் மறைக்க வேண்டும்.

அதனால் எல்லாருக்கும் முதல் வழி இது என்று சொல்லமாட்டேன். சிலருக்கு இதுதான் முதல் வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்டுபிடிப்பது எப்படி? கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலே மனநல மருத்துவரைப் பார்க்க அது போதுமான காரணம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒப்பீடு எல்லாம் அங்கே நின்றுவிடுகிறது. அன்றைக்கே போக வேண்டும், போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது. இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம், முகம் காட்ட வேண்டியதில்லை.

டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். இரவில் போடும் மாத்திரையைக் காலைக்கு மாற்றியதும் தூக்கம் திரும்பியவர்கள் உண்டு. மருத்துவரிடம் கேட்டு மாற்றிப் பார்க்கலாம்.

உடம்பை அசைப்பது

"நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறேன், இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?" நியாயமான கேள்வி. பதில்: ஒரே நிலையில் பத்து மணி நேரம் நிற்பது உடம்பைக் களைப்பாக்கும், வலுவாக்காது. எச்.ஐ.வி. உள்ளோரிடம் இன்னொரு நம்பிக்கையும் ஆழமாக இருக்கிறது: உடம்பில் இருக்கும் கொஞ்ச சக்தியைச் செலவழித்துவிடக் கூடாது. ஏ.ஆர்.டி. வராத காலத்தில் எலும்பும் தோலுமாகப் போனவர்களைப் பார்த்ததால் வந்த எச்சரிக்கை அது. இன்று வைரஸ் கட்டுக்குள் இருக்கும் உடம்புக்கு அது பொருந்தாது. பலர் செய்யும் தவறு வேறு. வலி குறைந்த நாளில் ஒரு வாரத் துணியையும் துவைத்து, வீட்டையும் கழுவிவிடுவது. அடுத்த மூன்று நாள் படுக்கை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு செய்து, அந்த அளவை வாரம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் பிசியோதெரபி சொல்லித்தரும் முக்கியமான பாடம்.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ரோமி பார்க்கர், ஷோசா மொழி பேசும் எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் ஆறு வாரத் திட்டம் ஒன்றைச் சோதித்தார். அதே சமூகத்தைச் சேர்ந்த, அதே தொற்றுள்ள பெண்களே நடத்திய உடற்பயிற்சியும் வலிக் கல்வியும் அது. ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். முடிவில் இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது. வகுப்புக்கு வந்தவர்களுக்கு அதிகம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சிறிய ஆய்வு, அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் வெற்று மாத்திரை விஷயத்தோடு சேர்த்துப் பாருங்கள். மறுபடியும் அதேதான்: உன் வலி உண்மை, அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்க ஒருவர் வருகிறார் என்பதே பாதி வைத்தியம் போலிருக்கிறது.

யோகா கழுத்து வலி, முதுகு வலி, தலைவலிக்கு 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நம் ஊரில் இதில் இருக்கும் பெரிய வசதி, யாரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்பது. முதுகுவலி என்றால் முதுகுவலிதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகிறது. வாசலில் சுகாதாரப் பணியாளர் நின்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று தயங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: அவர்கள் தெரு முழுக்கச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டு வருகிறவர்கள். உங்கள் வீட்டில் மட்டும் நிற்கப்போவதில்லை. பயிற்சியாளரிடம் தொற்றைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கால் மரத்துப்போகிறது, எலும்பு பலவீனம் என்பது போன்றவற்றைச் சொல்லிவிட்டால் போதும்.

தன்னைப் போன்றவர்களிடம் போவது

இந்த வழிக்குச் சார்பாக நான் எழுதுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. தொற்றுள்ளவர்கள் தாங்களாகவே கூடி அமைப்பு கட்டியதிலும் சென்னை முன்னால் நின்றது. எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்தியக் கூட்டமைப்பு 1997இல், பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் 1998இல், இரண்டும் அங்கேதான் பிறந்தன. இன்று மாவட்டங்களிலும் கூட்டமைப்புகள் இயங்குகின்றன.

ஐந்து வழிகளில் இங்கே மட்டும்தான் எச்.ஐ.வி.யையும் வலியையும் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். "கால் எரியுது அக்கா" என்றால், "எனக்கும் அந்தப் பழைய மாத்திரை போட்ட காலத்திலிருந்து எரியுது" என்று ஒருவர் பதில் சொல்வார். அந்த ஒரு பதில் 'நோய் முற்றுகிறது' என்ற பயத்தில் பாதியைக் கழற்றிவிடும். பதினைந்து வருடமாக அதே எரிச்சலோடு வேலைக்குப் போய், பேரப்பிள்ளை பார்த்த ஒருவரை நேரில் பார்ப்பது எந்த ஆலோசகரும் தர முடியாத ஆதாரம். விதவை ஓய்வூதியத்துக்கு எந்த அலுவலகம், மாமியார் வீட்டில் நிலப் பங்கு தர மறுத்தால் எங்கே போவது என்ற செய்திகளும் இங்கேதான் கிடைக்கும். பணக் கவலையும் வலியைக் கூட்டும் காரணம் என்பதால் இதை வலிச் சிகிச்சைக்கு வெளியே வைக்க முடியாது. அமெரிக்காவின் அலபாமாவில் ஜெசிகா மெர்லின் குழுவினர் எச்.ஐ.வி. உள்ளோர் வலிக்கென்றே வகுத்த திட்டத்திலும் தனிச் சந்திப்போடு குழுச் சந்திப்பும் உண்டு. குழுவை நடத்துவதில் தொற்றுள்ள சக மனிதர்களுக்கும் பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சில கூட்டங்கள் மாத்திரை ஒழுங்கைப் பற்றிய வகுப்பாகவே முடிந்துவிடும். வலியைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். வலி அறிவியல் தெரிந்தவர் அங்கே இல்லாமல் போகலாம்; எந்த மருந்துக் கடையில் எந்த ஊசி என்ற தவறான அறிவுரையும் அன்போடு வரலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, அந்தக் கட்டடத்துக்குள் நுழைவதை ஊரில் யாராவது பார்த்துவிட்டால்? இதற்குப் பலர் கண்டுபிடித்திருக்கும் வழி எளியது: பக்கத்து மாவட்டக் கூட்டத்துக்குப் போவது, அல்லது தொலைபேசியிலேயே தொடர்பு வைத்துக்கொள்வது. 1097 என்ற தேசிய இலவச உதவி எண்ணில் விசாரிக்கலாம், ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரும் தொடர்பு தருவார்.

வீட்டில் ஒருவரிடம் சொல்வது

இதைச் சிகிச்சையாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நாள் முழுதும் கூட இருக்கும் ஒருவரிடம் மறைக்க வேண்டியதில்லை என்றால், மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளிக்க வேண்டாம், வலிக்குப் பொய்க் காரணம் தேட வேண்டாம், முடியாத நாளில் "முடியவில்லை" என்று சொல்லலாம். திரும்ப எடுக்க முடியாத வழியும் இது ஒன்றுதான். மருந்தை நிறுத்தலாம், யோகாவை விடலாம், சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியாது. அடி, வீட்டைவிட்டு வெளியேற்றம், பிள்ளையைப் பிரிப்பது போன்ற ஆபத்து துளியாவது இருந்தால் வேண்டாம் என்பேன். நம் கற்பனைப் பெண்ணுக்கு மகன் இருக்கிறார், அவருக்குத் தெரியும். அவரிடம் எச்.ஐ.வி.யைப் பற்றிப் பேசிப் பல வருடம் இருக்கும். வலியைப் பற்றிப் பேசியதே இருக்காது. மருமகளிடம் எச்.ஐ.வி.யைச் சொல்வதைவிட மகனிடம் வலியைச் சொல்வது எளிது, ஆபத்தும் இல்லை. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால் உடலுறவின் மூலம்கூடத் தொற்று பரவுவதில்லை என்பதையும், ஒரே தட்டில் சாப்பிட்டதால் யாருக்கும் எப்போதும் வந்ததில்லை என்பதையும், பேரக்குழந்தையைத் தூக்கத் தயங்கும் பாட்டிகள் தங்களுக்கே ஒருமுறை சொல்லிக்கொள்ள வேண்டும்.

வெளியே இருப்பவர்களிடம் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரைத் தன் தொற்று நிலையைச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது, தொற்றைக் காரணம் காட்டி வேலையையோ சிகிச்சையையோ மறுக்கவும் கூடாது. சட்டம் இருப்பதால் கம்பெனி சூப்பர்வைசர் மாறிவிடுவார் என்று நான் சொல்லவில்லை.

அந்த ஒரு நாள்

மனச்சோர்வுக் கேள்விகளில் ஆம் என்று வந்தவருக்கு விடுப்பு நாள் மனநல மருத்துவருக்கு. அபாய அறிகுறி உள்ளவருக்கு அது சோதனைக்கு. பாத எரிச்சலால் இரவே தூங்காதவர், ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் நரம்பு வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மற்றதைப் பார்க்கலாம். இடுப்பு, முதுகு, தோள் என்று இடம் மாறும் வலி, வேலையும் வீடும் நடந்துகொண்டே இருக்கிறது, ஆனால் மனதில் பயம் என்றால், என் ஓட்டு கூட்டமைப்புக்கு. கூடவே வீட்டில் தினமும் பத்து நிமிட அசைவு. அதற்கு விடுப்பே வேண்டாம். மூன்று மாதத்தில் மூன்று விடுப்பு நாள்கள் வரும். மூன்றையும் ஒரே இடத்தில் செலவழித்துப் பாருங்கள் என்பேன், மூன்று இடத்தில் சிதறடிக்க வேண்டாம். ஒரே முகம் மூன்று முறை உங்களிடம் "எப்படி இருக்கிறது" என்று கேட்க வேண்டும். வேறு வேறு மருத்துவர்களிடம் ஒருமுறை ஒருமுறை போய்த் திரும்புகிறவர் ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து தொடங்கி, பாதியை மறைத்து, ஒரு சீட்டோடு வெளியே வருகிறார்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்: கடந்த வாரம் சராசரியாக வலி பத்துக்கு எவ்வளவு, வாழ்க்கையை ரசிப்பதை அது எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு தடுத்தது. தொடங்கும் நாளில் மூன்று எண்ணையும் மாத்திரைக் கையேட்டின் ஓரத்திலோ கைபேசியிலோ எழுதிவைத்து, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது மறுபடி எழுதுங்கள். மருத்துவரிடம் அந்த எண்களையே காட்டலாம். நேரமில்லாத மருத்துவரும் எண்ணைப் பார்ப்பார். மூன்று மாதத்துக்குப் பிறகும் மூன்றில் ஒன்றும் இறங்கவில்லை என்றால் வழியை மாற்றலாம், அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அங்கே பல இடங்களில் வலி நிவாரணப் பிரிவை மயக்கவியல் துறையினர் நடத்துகிறார்கள். கடிதத்தில் நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரும் இருக்கிறதா என்று வாங்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.